வெறும் குழாய்

கண் இமைப்பதற்குள் தோன்றி மறைந்துவிடும் மூலக்கூறுத் துண்டான ஒரு ராடிக்கலைத் தான் பிடித்துவிட்டதாகப் பேராசிரியர் மாசிலாமணி பல வருடமாகச் சொல்லிவந்தார். அவ்வளவு அற்பாயுசான அந்த வஸ்து, விருந்தினர் வரும் நாட்களில் மட்டும் நேரம் தவறாமல் கருவியின் திரையில் நான்கு முகடுகளாக எழுந்து நிற்கும். அவருடைய மாணவி பிரிசில்லாவின் ஆய்வேடே அதைப் பற்றித்தான். அவளுடைய வாய்மொழித் தேர்வுக்கு வெளியூரிலிருந்து வந்திருந்த தேர்வாளர் அம்மையார், போர்த்திய சால்வையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு திரையைச் சந்தேகமாகப் பார்த்தார்.

"ராடிக்கலைப் பிடிக்கிற மருந்தை மட்டும் தண்ணியில கலந்து ஒரு குழாய் வைங்களேன். ராடிக்கலை உண்டாக்கற எதையும் சேர்க்க வேண்டாம்."

"அந்தப் பழக்கமெல்லாம் எங்க லேப்ல இல்லீங்க மேடம். எல்லாம் ஒரு நம்பிக்கைதான்," என்று பேராசிரியர் சிரித்தார்.

பிரிசில்லா குழாயை வைத்தாள். அதே நான்கு முகடுகள் எழுந்தன, முன்பைவிடக் கொஞ்சம் உயரமாகவே.

"பாத்தீங்களா மேடம்! ஒண்ணுமே போடாம வருதுன்னா அதோட வீரியத்தைப் பாருங்க!" பேராசிரியர் கைதட்டினார். துறையே சேர்ந்து தட்டியது.

அம்மையார் பேனா மூடியைத் திறந்துகொண்டு பிரிசில்லாவிடம் திரும்பினார். "டாக்டர் பட்டம் உனக்குத்தானேம்மா, நீ சொல்லு. இங்க தெரியறது ராடிக்கலா, கெட்டுப்போன மருந்தா?"

மற்றவர்கள் ஒவ்வொருவராகத் தட்டுவதை நிறுத்தினார்கள். பேராசிரியர் மட்டும் அவளையே பார்த்தபடி இன்னும் மெதுவாகத் தட்டிக்கொண்டிருந்தார்.