உப்பு வயல் மேல் ஒரு சத்தியம்

வயல் முழுக்கப் பச்சைப்பசேலென்று பயிர் நிற்பதைப் பார்த்து ஷஹாத்தா தலையில் அடித்துக்கொண்டான். "ஐயோ, என் குடி கெட்டுச்சே!"

புருல்லுஸ் ஏரியை ஒட்டிய உப்பு வயல் அது. இரண்டு வருஷமாக விதைத்ததெல்லாம் கருகியதுதான் மிச்சம். இந்த வருஷம் வேளாண்மை என்ஜினியர் நாஜி காபிக்கடையில் அவனிடம் ஒரு பொட்டலம் மருந்து கொண்டுவந்து கொடுத்தார். "இதைக் கரைச்ச தண்ணியில விதைநெல்லை ஒரு நாள் ஊற வெச்சு விதைங்க. பயிர் உப்பைத் தாங்கும்."

காபிக்கடையே அதிரும்படி சிரித்தான் ஷஹாத்தா. அத்தோடு வாயை மூடியிருக்கலாம். "உங்க மருந்துல ஊறின விதை அங்க முளைச்சா, என் பொண்டாட்டிக்குத் தலாக்!" என்று சத்தியம் செய்துவிட்டான்.

டீ ஆறிப்போனாலே தலாக் சத்தியம் போடுகிற வாய் அது. ஏற்கெனவே கழுதை வாங்கியதில் ஒன்று, சீட்டாட்டத்தில் ஒன்று என்று இரண்டு பலித்து, ஊர் ஷேக் மன்சிதான் புருஷனையும் பெண்டாட்டியையும் மறுபடி சேர்த்துவைத்திருந்தார். மூன்றாவதும் பலித்தால் அத்தோடு சரி; பிறகு ஷேக்காலும் சேர்த்துவைக்க முடியாது.

வீடு வந்ததும் பயம் பிடித்துக்கொண்டது. பொட்டலத்தை மனைவி இன்ஸாஃபிடம் நீட்டினான். "இதை வாய்க்கால்ல கொட்டிடு. விதையை வெறும் தண்ணியில ஊறப்போடு."

"எல்லார் முன்னாடியுமா சத்தியம் பண்ணீங்க?"

"ஊரே கேட்டுச்சு."

"சரி, கொடுங்க."

ஊரில் எல்லோரும் விதைமூட்டையை வாய்க்காலில்தான் அமிழ்த்துவார்கள். இன்ஸாஃப் மட்டும் வீட்டுக்குள்ளே துணி துவைக்கும் தொட்டியில் ஊறப்போட்டாள். வாய்க்கால் தண்ணீர் அழுக்காம்.

இப்போது ஷேக் வீட்டில் ஊரே கூடிவிட்டது. நாஜிக்கு வியர்த்து ஊற்றியது. "நெல்லுக்குத்தானேய்யா மருந்து கொடுத்தேன்!"

"ஷேக், என் சத்தியம் மருந்து போட்ட விதைக்குத்தான்," என்றான் ஷஹாத்தா. "அதைத்தான் கொட்டச் சொல்லிட்டேனே! இது வெறும் தண்ணியில ஊறினது, அல்லாஹ் புண்ணியத்துல முளைச்சிருக்கு. அவளையே கேளுங்க!"

"வெறும் தண்ணின்னா சத்தியம் பலிக்கலை. நீங்க புருஷன் பொண்டாட்டிதான்," என்ற ஷேக், இன்ஸாஃப் பக்கம் திரும்பினார். "சொல்லும்மா, மருந்தைக் கொட்டினியா?"

"கொட்டிட்டேன்னு சொல்லுடி!" என்று வாசலில் நின்ற பெண்கள் பதறினார்கள்.

இன்ஸாஃப் முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள்.

"ஒரு சிட்டிகைகூடக் கொட்டலை, ஷேக். இந்தத் தடவையாவது எங்களைச் சேர்த்து வெச்சுத் தொலைக்காதீங்க!"