வந்தவர்கள்: யாருமில்லை

"இந்த வாரமும் அதேதான் எழுதியிருக்கார். வந்தவர்கள்: யாருமில்லை. காபி நன்றாக இருந்தது," என்று படித்துக் காட்டினார் ப்ரேபென்.

எதிரே உட்கார்ந்திருந்த விபேகே சிரிப்பை அடக்கிக்கொண்டாள். "காபி எப்படி இருந்ததுன்னு நம்ம விதியில கேட்கவே இல்லையே."

டென்மார்க்கின் ஆர்ஹூஸ் நகர நூலகத்தின் பின்னறையில் செவ்வாய்தோறும் இவர்கள் இருவரும் உட்கார்ந்து, தன்பாலின ஈர்ப்பாளர்களுக்கும் திருநருக்குமான வாராந்திர மின்மடலைத் தயாரிப்பார்கள். சம்பளம் கிடையாது, விதிகள் மட்டும் பதினேழு உண்டு. எல்லாம் ப்ரேபென் எழுதியவை. செய்தி எண்பது சொல்லைத் தாண்டக்கூடாது. நிகழ்ச்சி என்றால் நடத்துபவரின் பெயர், முகவரி, தொலைபேசி எண் மூன்றும் அடியில் இருக்க வேண்டும். நடந்து முடிந்ததும் எத்தனை பேர் வந்தார்கள் என்று எழுத வேண்டும். தொடர்ந்து மூன்று முறை யாருமே வராவிட்டால் அந்த நிகழ்ச்சிக்கு மடலில் இடமில்லை. ப்ரேபென் தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். விதி மீறிய செய்தியைத் திருப்பி அனுப்பாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது.

மேற்குக் கடலோரம், லெம்விக் பக்கத்தில் ஒரு சிற்றூர். அங்கிருந்து எய்னார் என்ற பெரியவர் நான்கு வருடமாக ஒரே அறிவிப்பை அனுப்பிக்கொண்டிருந்தார். சனிக்கிழமை மூன்று மணிக்கு என் வீட்டில் காபி, நம்மவர்கள் யாரும் வரலாம் என்று. ஒருவர்கூட வந்ததில்லை. வராததை அவரும் வாராவாரம் ஒளிக்காமல் எழுதி அனுப்பினார். விபேகே இரக்கப்பட்டு, விதியைக் கண்டும் காணாமலும் விட்டிருந்தாள். போன மாதம் நிகழ்ச்சிப் பக்கம் ப்ரேபென் கைக்கு வந்ததும் குட்டு வெளிப்பட்டுவிட்டது.

"இனிமே போட முடியாதுன்னு அவருக்கு ஒரு வரி எழுதிப் போட்டுடு," என்றார்.

"நான் மாட்டேன். நாலு பேர் வந்தாங்கன்னு ஒரு பொய் எழுதியிருந்தா நீ கண்டுபிடிச்சிருப்பியா? அதுகூடத் தெரியாத மனுஷன். அவர்கிட்ட நீயே நேர்ல போய் சொல்லு."

ப்ரேபெனும் விடுகிற ஆளில்லை. அந்தச் சனிக்கிழமையே ரயிலேறி, பஸ் மாறிப் போய்ச் சேர்ந்தார். என்ன சொல்ல வேண்டும் என்பதை வழியெல்லாம் மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டார்.

மணி அடிப்பதற்குள் கதவு திறந்தது. எண்பது வயதிருக்கும். இஸ்திரி போட்ட சட்டை, படிய வாரிய தலை. வந்தவரைப் பார்த்ததும் எய்னாரின் முகம் மலர்ந்தது. ப்ரேபெனுக்குப் பின்னால் தெருவில் இன்னும் யாராவது வருகிறார்களா என்று ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, உள்ளே வரச் சொன்னார்.

மேஜையில் கோப்பைகள், வெண்ணெய், பாலாடைக்கட்டி, அடுப்பிலிருந்து அப்போதுதான் எடுத்த ஏலக்காய் பன். அந்தப் பன்னை வாயில் வைத்துக்கொண்டு நிகழ்ச்சியை நிறுத்துகிறோம் என்று எப்படிச் சொல்வது? ப்ரேபென் முதல் தடவையாகத் தடுமாறினார்.

தவிர, பெரியவரின் நிலைமை அவருக்குப் புரிந்துவிட்டது. ஆயுள் முழுக்கத் தன்னை மறைத்துவிட்டு, இந்த வயதில் ஒரு துணை தேடுகிற மனிதர். ப்ரேபெனும் ஐம்பது வயதுவரை அப்படி மறைத்து வாழ்ந்தவர்தான், அதனால் அவருக்கு மனது கனத்தது. ஆர்ஹூஸில் அறுபது தாண்டிய ஆண்களுக்கு ஒரு குழு இருக்கிறது, வியாழக்கிழமை கூடிப் பாடுகிறோம், நீங்களும் வாருங்கள் என்று பக்குவமாகச் சொல்லிப் பார்த்தார். எய்னார் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். தனக்குப் பாட்டு வராது என்று மட்டும் சொல்லி, இன்னும் கொஞ்சம் காபி ஊற்றினார்.

ஊற்றிக்கொண்டே கேட்டார். "நிறுத்தப் போறோம்னு சொல்லத்தானே தம்பி இவ்வளவு தூரம் வந்தீங்க?"

பதினேழு விதியும் ப்ரேபெனுக்கு மறந்து போயின.

"இல்லைங்க ஐயா. எத்தனை வருஷம் வேணும்னாலும் போடலாம், நான் பார்த்துக்கறேன். ஒண்ணே ஒண்ணுதான். கீழே இருக்கற உங்க பேரு, முகவரி, போன் நம்பரை மட்டும் எடுத்துடலாம். தனியா இருக்கீங்க. நம்மளைப் பிடிக்காதவன் எவனாவது வந்து ஜன்னல்ல கல்லெறிஞ்சா யாரு இருக்கா? வர்றவங்க எங்ககிட்ட கேட்டுட்டு வரட்டும்."

தன் விதியைத் தானே மீறுகிறோம் என்று ப்ரேபெனுக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. ஆனால் எய்னார் காபிப் பாத்திரத்தை அவசரமாகக் கீழே வைத்தார்.

"வேண்டாம் தம்பி. இடமில்லைன்னா மேலே இருக்கறதை எல்லாம் எடுத்துடுங்க. அந்த மூணு மட்டும் இருக்கட்டும்."

"நிகழ்ச்சியை எடுத்துட்டு வெறும் முகவரியைப் போட்டு என்னங்க பண்றது?"

எய்னார் மேஜைமேல் சிந்திய பன் துகள்களை விரலால் ஒதுக்கிக்கொண்டே பேசினார்.

"என் மக சிசெல் உங்க மடலைப் படிக்கறதைப் பார்த்துட்டுத்தான் அவளை நான் வெளியே போகச் சொன்னேன். அப்புறம் அவளைத் தேடி உங்களுக்கு எழுதினேன். வீட்டை விட்டுப் போனவங்களைத் தேடற அறிவிப்பு போட மாட்டோம், நிகழ்ச்சின்னா போடுவோம்னு நீங்கதான் பதில் எழுதினீங்க. அவ இன்னும் அதைப் படிச்சிட்டிருந்தா, அப்பா இதே வீட்டுலதான் இருக்கேன், நம்பரும் மாறலைன்னு தெரிஞ்சுக்கட்டும் தம்பி."