அப்பாவுக்குப் பிடித்தது

பதினாறாம் நாள் படையலுக்கு இலை போட்டாயிற்று. இறந்தவருக்குப் பிடித்ததை வைக்க வேண்டும்.

"அப்பாவுக்கு என்னம்மா பிடிக்கும்?" என்றாள் எழினி.

"முன்னாடி எதையோ ஆசையா கேப்பார். என்னன்னுதான் ஞாபகம் வரமாட்டேங்குது."

முப்பது வருடங்களுக்கு முன், 2030களில், கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த எழினிதான் அப்பாவுக்காக எடை குறைக்கும் மருந்துகளை ஒப்பிட்டுப் பட்டியல் போட்டாள். மாதாமாதம் போடும் ஊசியை வேண்டும்போது நிறுத்தலாம், விலை அதிகம். ஒரே முறை போடும் ஊசி மலிவு. எடையும் சர்க்கரையும் குறையும், இதயம் தாங்கும். பசியும் ருசியும் மட்டும் போய்விடும், திரும்பி வராது. அதற்கு நேரே 'பரவாயில்லை' என்று எழுதினாள். அப்பா மறுபேச்சில்லாமல் கையை நீட்டினார். எண்பத்தோரு வயது வரை இருந்தார்.

"வத்தக்குழம்பு வைக்கலாமா?"

"அது உனக்குப் பிடிக்கும்டி."

"அதிரசம்?"

"அது உன் தம்பிக்கு."

"தினமும் சாப்பிட்டுட்டு நல்லாருக்குன்னு சொல்வாரேம்மா. எதைச் சொன்னார்?"

அம்மா அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"நான் உப்பு போட மறந்த அன்னைக்கும் அதையேதான்டி சொன்னார்."

எழினி வெறும் சோற்றை மட்டும் அள்ளி இலையில் வைத்தாள்.