யமஹா கட்சி

பெண் பார்க்க வந்த இளமாறன் புல்லட்டில் வந்திறங்கியதுமே மதிவதனிக்கு மனசு விட்டுப்போயிற்று. அவள் யமஹா கட்சி. இருவரையும் தனியாகப் பேசச் சொல்லிப் பெரியவர்கள் வாசலுக்கு அனுப்பினார்கள். அங்கே புல்லட்டுக்குப் பக்கத்தில் அவளுடைய யமஹா நின்றது.

"கல்யாணத்துக்கு அப்புறமும் இதைத்தான் ஓட்டுவீங்களா?" என்றாள்.

"பின்னே, உங்க வண்டி மாதிரி கத்துறதையா ஓட்டுவேன்?"

அவளுக்குச் சுள்ளென்று ஏறியது. "ஓட்டிப் பாத்துட்டுப் பேசுங்க."

"அப்ப நீங்க என்னோடதை ஓட்டுங்க. ஏரிக்கரை வரைக்கும். அங்க போய் முடிவைச் சொல்லிக்கலாம்."

பட்டுப்புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு அவள் புல்லட்டை உதைத்தாள். பாதி வழியிலேயே அதன் கனத்த சத்தம் உடம்புக்குப் பிடித்துப்போனது, வெட்கமாகக்கூட இருந்தது. ஓரக்கண்ணால் பார்த்தாள். அவளுடைய யமஹாவில் அவன் தலைமுடி பறக்க, சின்னப்பிள்ளை மாதிரி கூவிக்கொண்டு வந்தான்.

ஏரிக்கரை வந்தது. இரண்டு பேருமே பிரேக்கைத் தொடவில்லை.