பிரபுவின் ஹெர்குலிஸ்

"தள்ளிப் போய்யா நென்சியோ! இந்தச் செவுத்த இடிக்காம நான் வீடு திரும்ப மாட்டேன்!"

சம்மட்டியோடு நின்றாள் லாப்பா. அவளுக்குப் பின்னால் ஊரின் கம்பளித் தொழிலாளர்கள் அத்தனை பேரும். அன்று காலைதான் ஊரை ஆண்ட பிரபு ரினியேரோவைச் சியன்னா நகரச் சாலை வரை துரத்திவிட்டு வந்திருந்தார்கள். அவனது விருந்து மண்டபத்துச் சுவர் ஓவியம்தான் பாக்கி. அதை வரைந்த நென்சியோ குறுக்கே நின்றான்.

ஓவியத்தில், மாடு திருடிய அரக்கனின் கழுத்தை மிதித்தபடி தடியை ஓங்கி நின்றான் புராண வீரன் ஹெர்குலிஸ். அவனுக்குப் பிரபுவின் முகம். அரக்கனுக்கு லாப்பாவின் கணவன் மாசோவின் முகம். பஞ்சத்தில் பிரபுவின் களஞ்சியத்தை உடைத்து ஊருக்கே கோதுமை கொடுத்தவன் மாசோ. அவனைத் தூக்கில் போட்டது போதாதென்று, சுவரிலும் திருடனாக்கி வைத்திருந்தான் பாவி!

"வரையிறப்போ கை கூசலையா உனக்கு?"

"தாள்ல வரைஞ்சப்போ பிரபு பக்கத்துலயே உக்காந்திருந்தான்க்கா. 'இன்னும் அழுத்தி மிதிக்கிற மாதிரி போடு'ன்னு மூணு தடவை திருத்தினான். மாட்டேன்னா என் கழுத்துலயும் கயிறுதான்."

"அக்கான்னு கூப்பிடாத! ஆறு வருஷமா உன் மூஞ்சிய பாத்தாலே எனக்குப் பத்திக்கிட்டு வருது."

"எனக்கு ஒரு வாளித் தண்ணி மட்டும் குடுங்க. அப்புறமும் இடிக்கணும்னா மொத அடி நானே அடிக்கிறேன்."

"எதுக்கு? மூஞ்சி கழுவவா?" கூட்டத்தில் ஒருவன் கேட்க, எல்லோரும் சிரித்தார்கள்.

"ஆமா. அதுக்குத்தான்."

வாளி வந்தது. நென்சியோ பஞ்சை நனைத்துக்கொண்டு ஏணியில் ஏறினான்.

"சுண்ணாம்பு ஈரமா இருக்கும்போது தீட்டினா, அது செவுரோட செவுரா ஒட்டிக்கும். காஞ்சப்புறம் மேல பூசினது தண்ணி பட்டாப் போயிடும். கதவைச் சாத்திக்கிட்டு முகம் ரெண்டையும் ரெண்டு தடவை வரைஞ்சேன். அவன் பாத்தது ரெண்டாவதை."

பஞ்சு பட்டதும் ஹெர்குலிஸின் முகம் கரைந்து மார்பில் வழிந்தது. அடுத்து அரக்கனின் முகம். லாப்பாவின் கையிலிருந்து சம்மட்டி நழுவியது.

தடியை ஓங்கி நின்றவன் மாசோ. அவன் காலடியில், ஆறு வருஷமாகத் தினமும் இதே சுவருக்கு எதிரே உட்கார்ந்து கறியும் ஒயினுமாக விருந்து சாப்பிட்ட பிரபு ரினியேரோ!