சாதுவான றால்

ஆறு கொலைக்கும் தான்தான் காரணம் என்பது ஸக்கியாவுக்குத் தெரியும். பக்கத்து வீட்டு ஸமத் நானா வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டதுமே அவள் அடுப்படிப் பக்கம் நழுவினாள்.

"தங்கச்சி, உள்ள இருக்கீங்களா? நானும் ஹமீமாவும் வந்திருக்கோம்."

முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வந்தாள். ஸமத் நானா புதுச் சாரனும் வெள்ளைத் தொப்பியுமாக நின்றார். பின்னால் அவர் மனைவி ஹமீமா, நிலத்தைப் பார்த்தபடி.

"நாளைக்குக் காலையில ஸ்டேஷன்ல கோச்சி ஏறினாக் கொழும்பு. அங்கிருந்து கப்பல். ஹஜ்ஜுக்குப் போறதுக்கு முன்னால எல்லார்கிட்டயும் மன்னிப்புக் கேக்கணுமே. மாத்தளையில பாதி ஊட்டுக்குப் போயிட்டு வந்தாச்சு. உங்க ஊட்டத்தான் கடைசிக்கு வச்சிருந்தோம்."

"பக்கத்து ஊட்ட ஏன் நானா கடைசிக்கு வச்சீங்க?"

"கஷ்டமானதக் கடைசிலதானே செய்வாங்க."

ஸக்கியா அவசரமாக நாற்காலியை இழுத்துப் போட்டாள். மனுஷனுக்குத் தெரிந்துவிட்டது!

செத்ததெல்லாம் மீன்கள். ஸக்கியாவின் கணவர் பலீல் மிளகு லொறி ஓட்டித் திருகோணமலைக்குப் போய் வருகிறவர். திரும்பும்போது கேனில் கடல் தண்ணீரும், போத்தலில் வண்ண மீன்களும், ஒன்றிரண்டு பவள முருகைக் கற்களும் கொண்டு வருவார். இரண்டு வீட்டுக்கும் கண்ணாடித் தொட்டி வந்தது அப்படித்தான். ஆனால் மலைநாட்டில் கடலைப் பார்க்க வேண்டுமென்றால் ஊர்ச்சனம் ஸமத் நானா வீட்டுக்குத்தான் போகும். ஸக்கியாவின் தொட்டியை ஒருவரும் எட்டிப் பார்ப்பதில்லை.

போன வருஷம் பலீல் சாண் நீளத்தில் ஒரு றால் கொண்டு வந்தார். நிறம் மயில் மாதிரி, குணம் சண்டியன் குணம். முன்காலை மடக்கிக் கண்ணாடியில் டக் டக்கென்று இடிக்கும். ஒரே கிழமையில் இரண்டு மீன்களை அடித்துத் தின்றுவிட்டது. இதைத் தூக்கி எறிய வேண்டும் என்று அவள் கறுவிக்கொண்டிருந்த நேரத்தில்தான் ஸமத் நானா வந்து தொட்டிக்கு முன்னால் குந்தினார்.

"தங்கச்சி, இத மத்த மீனோட எங்க ஊட்டுத் தொட்டியில விடலாமா? சண்ட புடிக்காதே?"

"சேச்சே, சாது நானா. பச்சப் புள்ள மாதிரி. நீங்களே கொண்டு போங்க."

அடுத்த கிழமையே வேலிக்கு மேலால் குரல் வந்தது. "ஒன்னு போச்சு தங்கச்சி." அதற்குப் பிறகு மாதத்துக்கு ஒன்று. ஒவ்வொரு தடவையும் மனசு குத்தக் குத்த, பலீலிடம் சொல்லி, போனதைவிட வடிவான மீனாக வரவழைத்துக் கொடுத்தனுப்பினாள்.

ஒருநாள் தாங்க முடியாமல், றாலைத் திருப்பி வாங்கி வந்துவிடலாம் என்று போனாள். "அது கல்லுக்குள்ள படுத்திருக்கு, இப்பப் புடிக்க ஏலாது" என்றார் ஸமத் நானா. அங்கே அந்த டக் டக் சத்தம்கூட இல்லை. பசியாறிக் கிடக்கிறது பாவி என்று நினைத்துக்கொண்டு திரும்பினாள்.

இப்போது அவர் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து தொண்டையைச் செருமினார். "தங்கச்சி, விஷயம் என்னான்டா..."

"நீங்க சொல்ல வேணாம் நானா! நானே சொல்றேன்."

"இல்ல, நாங்க வந்தது..."

"மக்காவுக்குப் போற மனுஷன். இத நெஞ்சுல வச்சிக்கிட்டு ஒங்கள வழியனுப்ப என்னால ஏலாது." முக்காட்டின் நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அந்த றால் பொல்லாதுன்னு தெரிஞ்சுதான் தந்தேன். எங்க தொட்டியில ரெண்டக் கொன்னுச்சு. ஒங்க தொட்டியப் பாக்க சனம் வருதேன்னு எனக்கு எரிச்சல். ஒங்க ஆறு மீனையும் கொன்னது நான்தான். நீங்க மன்னிக்காமப் போனா மறுமையில நான் என்னத்தச் சொல்வேன்?"

ஸமத் நானா தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். திரும்ப மாட்டினார். மறுபடியும் கழற்றினார். ஹமீமா அவர் விலாவில் ஓர் இடி வைத்தாள்.

"வாயத் தொறங்களேன். அந்தப் புள்ள அழுவுது. கப்பல்ல ஏறின பொறகா சொல்லப் போறீங்க?"

"நீங்க என்னத்துக்கு அழுவுறீங்க தங்கச்சி? அழ வேண்டியது நாங்க." அவர் குரல் இறங்கியது. "எங்க தொட்டியில ஒரு மீனும் சாகல்ல. செத்துச்சின்னு பொய் சொல்லி ஒங்ககிட்ட வாங்கின ஆறும் தேயிலத் தோட்டத்துத் தொர பங்களாவுல நீந்துது. துரைசானிக்கு மீனுன்னா உசிரு. எங்க மகனுக்கு அங்க கிளாக்கர் வேல கெடச்சது அப்படித்தான். அதுக்கு மன்னிப்புக் கேக்கத்தான் வந்தோம்."

ஸக்கியா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அப்ப... அந்த றால்?"

ஹமீமா முதல் தடவையாகத் தலையை நிமிர்த்தினாள்.

"கொண்டு வந்த அன்னைக்கே பொரிச்சுத் தின்னுட்டோம்."