வலது தோள்

'தையல் தோழி' வலைப்பதிவைப் பார்த்துத்தான் சகோதரிகள் இருவரும் சட்டை வெட்டினார்கள். அஸீமாவுக்கு அச்சாகப் பொருந்தியது. மூத்தவள் ஸைனம்புவுக்கு வலது தோளில் இறுக்கியது.

"வாசிச்சு வெட்டோணும் ராத்தா," என்றாள் அஸீமா. காத்தான்குடியில் தனக்கு மேலே தைக்க ஆளில்லை என்ற நினைப்பு அவளுக்கு.

"வாசிச்சுத்தான் வெட்டின. வலது தோள அரை இஞ்ச் இறக்கச் சொல்லிக் கிடக்கு. அது ஏன்?"

"அவ எல்லாப் பதிவிலயும் அப்பிடித்தான் எழுதுவா. தொழில் தெரிஞ்ச பொம்புள."

"எல்லாருக்குமா வலது தோள் இறங்கிரிக்கி? சின்னனுல மதிலால விழுந்த உனக்குத்தானே இறங்கிரிக்கி."

அஸீமா போனை எடுத்துப் பதிவுகளைப் பின்னோக்கித் தள்ளினாள். எல்லாமே வெள்ளிக்கிழமைகளில் எழுதியவை. வெள்ளிக்கிழமை லீவில் படுத்தே கிடப்பதாகத்தான் கட்டாரிலிருந்து அவள் கணவன் றமீஸ் சொல்வான்.

முதலாவது பதிவு மூன்று வருடத்துக்கு முந்தியது. அதிலிருந்த படத்தில், அளவெடுப்பதற்காக ஒரு பழைய நீலச் சட்டை மேசையில் விரித்துக் கிடந்தது. அதன் கழுத்துப் பொத்தான் மட்டும் பச்சை. அது அவளே தைத்த பொத்தான். றமீஸ் கட்டாருக்குப் புறப்பட்ட வாரம், தன்னுடைய அந்தச் சட்டையைத் தேடி அவள் அலுமாரியையே கவிழ்த்திருந்தாள்.

"என்னடி, ஆரெண்டு தெரிஞ்சிட்டா?" என்றாள் ஸைனம்பு.

அஸீமா பதிவின் கீழே எழுதிக்கொண்டிருந்தாள்.

"தோழி, என்ட நீலச் சட்டையோட எப்ப ஊருக்கு வாறீங்க?"